சாணும் முழமும்

ஏஜாக்ஸில் மார்ச். வெளியே இன்னும் பனி.
நான் ஏதோ ஓர் ஆகஸ்டில் பெய்யப்போகும் மழையைத்
தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள், அதுதான் வேலை.
பட்டியல் இருக்கிறது: இரண்டாண்டு மழை,
ஐந்தாண்டு, இருபத்தைந்து, நூறு.
இறைச்சிக் கடையில் துண்டைக் காட்டுவதுபோல
ஒன்றைக் காட்டி, இது போதும் என்கிறோம்.
அந்த அளவுக்கொரு குழாய் மண்ணுக்குள் போகிறது.
பிறகு எழுபது வருடம் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஐந்தாண்டு போதும் என்கிறார் டாரில், வீடு கட்டுபவர்.
விதியும் அவர் பக்கம்.
அதற்கு மேல் வருவதைத் தெரு சுமக்கும்,
விளிம்புக்கல்லுக்கும் விளிம்புக்கல்லுக்கும் நடுவே
குளம்வரை கொண்டுபோய்விடும்,
காகிதத்தில்.

காகிதத்திலேயே
இருபத்தேழாம் எண்ணுக்கு முன்னால்
தெரு ஒரு சாண் பள்ளம்.

நூறாண்டு மழை நூறாண்டுக்கு ஒருமுறைதானே என்கிறார்.
மழைக்கு நாட்காட்டி தெரியாது, டாரில்.
வருடாவருடம் நூறு சீட்டில் ஒரு சீட்டு.
எடுத்ததையும் திரும்பப் போட்டுத்தான் குலுக்குகிறார்கள்.
சீட்டு எழுதியதோ
பழைய மழைகளை மட்டும் பார்த்த ஒரு மழைமானி.

அந்த வீடு இன்னும் எழவில்லை.
அதன் பேஸ்மென்டில் யார் என்று மட்டும் எனக்குத் தெரியும்:
இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் ஒருவன்.
கட்டிலுக்குக் கீழே பெட்டி,
பெட்டிக்குள் பாஸ்போர்ட், வேலை அனுமதி.
என் சூத்திரத்தில்
ஓட்டக் குணகம் உண்டு, மழைச்செறிவு உண்டு, பரப்பு உண்டு.
அவனுக்கு எழுத்து இல்லை.

"தலைக்கு மேலே வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன,
கையெழுத்தைப் போடுங்கோ" என்கிறார்
பக்கத்து மேசை செந்தூரன்.

தலைக்கு மேலே போனால் சரி.
இது கணுக்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்கிற வெள்ளம்.
இங்கே சாண் வேறு, முழம் வேறு.
அந்த வித்தியாசத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

குழாயை விட்டுக்கொடுத்தேன். ஐந்தாண்டுதான்.
பதிலுக்கு, ஆறு மின்னஞ்சலும் ஒரு சண்டையும் கழித்து,
இருபத்தேழுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவே
மூன்று மீட்டர் வாங்கினேன்.
சுவர் கூடாது, வேலி கூடாது, கொட்டகை கூடாது.
குளத்தைப் பார்த்துச் சரியும் வெறும் புல்.
நூறாண்டு மழைக்கு ஒரு சந்து.

வீட்டை வாங்குகிறவர்
சரிவில் புல்வெட்டியைத் தள்ளும்போது
எந்த மடையன் போட்ட கோடு இது என்று கேட்பார்.

கேட்கட்டும். வெயில் நாளாகவே இருக்கட்டும் அது.