மூன்றாவது மடிப்பு

திரியெஸ்தேயில் போரா காற்று அடிக்கிற வாரங்களில்
தள்ளுவண்டிகள் ஆளில்லாமலே கடைக்குத் திரும்பிவிடும்.
அவற்றின் அடியில் ஒட்டிக் கிடக்கும் சீட்டுகளை
நான் எடுத்து வைத்துக்கொள்வேன்.
நான்காம் கல்லாவில் பதினோரு வருடம்.

பால், முட்டை, பூனைக்கு ஏதாவது.
இத்தாலியனில் தொடங்கி ஸ்லோவேனியனில் முடிகிறவை உண்டு;
கோபம் வந்த வரியில் மொழி மாறியிருக்கும்.
ஒன்றில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: விலை கேட்காதே.

ஷூ டப்பா மூட மறுத்தபோது
சான் ஜாக்கோமோவில், செவ்வாய் மாலை
பைண்டிங் வகுப்புக்குப் பணம் கட்டினேன்.

சொல்லித்தந்த மித்யாவுக்கு
என் மகளைவிட இரண்டு வயது குறைவு.
காகிதத்துக்கும் இழை உண்டு, என்றான்.
வளைத்துப் பாருங்கள்,
ஒரு பக்கம் வணங்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும்.
இழை மாற்றி ஒட்டினீர்களோ,
காலையில் அட்டை படகாகியிருக்கும்.

என் முதல் மூன்றும் படகுகள்.

பிறகு தையல்.
மெழுகு தேய்த்த நூல் உள்ளிருந்து வெளியே வந்து,
கீழ் மடிப்பின் இடுப்பைச் சுற்றி, மறுபடி உள்ளே.
பசை இல்லை, முதுகுத்துணி இல்லை.
ஒவ்வொரு மடிப்பும்
முந்தையதைப் பிடித்துத் தொங்குவதுதான் புத்தகம்.

எட்டு மடிப்புகள் தைத்தேன்.
மூன்றாவதில் ஒரே கையெழுத்தில் நான்கு சீட்டுகள்.

பால், பேரிக்காய் 7, பிளேடு, லோரெடானாவுக்கு அந்த சோப்பு.
பேரிக்காய், சூப், ஸ்ட்ரா, வளைகிற ரகம்.
பால் அரை லிட்டர், சோப்பு என்று எழுதி
சோப்பின் மேல் ஒரு கோடு.
பிளேடு.

எதிலும் தேதி இல்லை.
எது முன்னே எது பின்னே என்று
நான்தான் அடுக்கினேன்.
நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது செவ்வாய், மேசையின் எதிர்ப்பக்கம்
பேருந்து ஓட்டுகிற லிவியோ
அட்டையில் பென்சிலால் அளவு குறித்தான்: 17.
ஏழின் குறுக்கே கோடு,
அதை இந்த ஊரில் எல்லோரும்தான் போடுவார்கள்.
கோட்டின் நுனியில் மீன் தூண்டில்போல் ஒரு கொக்கி,
அதை ஒருவர்தான்.

என் ஊசி துளை தவறி விரலில் ஏறியது.
தாளில் படாமல் பாருங்கள், என்று
பஞ்சு நீட்டியதும் அவன்தான்.

ஒரு மடிப்பை மட்டும் உருவ முடியாது, எட்டும் அவிழ்ந்துவிடும்.
அன்று இரவு சமையலறையில்
ஸ்கேல் வைத்து, தாள்களை மட்டும் வெட்டினேன்.
நூல் பிடித்திருந்த ஓரம்
அரை விரல் அகலத்தில் அப்படியே நின்றது,
அறுத்த வயலின் தாள்போல.

கடைசி வகுப்பில் புத்தகங்கள் கைமாறின.
பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஃபுல்வியா
எக்ஸ்ரேக்களைத் தைத்திருந்தாள்; விளக்கில் காட்டிச் சிரித்தோம்.
லிவியோவுடையது வெற்றுத்தாள், சட்டைப்பை அளவு.
கடைக்குப் போனால் சீட்டைத் தொலைத்துவிடுகிறேன், என்றான்,
இனி இதில் எழுதலாமே.

என்னுடையது அவனிடம் போனது.
பூனைக்கு ஏதாவது என்ற பக்கத்தில் சிரித்தான்.
இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே விரல் நின்றது.
இங்கே ஏதோ வெட்டியிருக்கிறதே.
இழை மாறிப்போயிருந்தது, என்றேன்.
நகத்தால் அந்த ஓரத்தை ஒருமுறை வருடிவிட்டு
ஃபுல்வியா பக்கம் தள்ளினான்.

சனிக்கிழமை நான்காம் கல்லாவுக்கு வந்தான்.
பால், பேரிக்காய், ஒரு கட்டு ராடிக்கியோ.
பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான்.
அட்டை லேசாகப் படகாகியிருந்தது.
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாக அடித்தான்,
நான் ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.

நான்கு சீட்டும் என் ஏப்ரன் பையில்தான் இருந்தன.

ரசீது வேண்டுமா, என்று கேட்டேன்.