செவ்வாயும் சனியும்

ஜெலுத்தோங் உதிரிபாகக் கடையில் கணக்கெழுதுகிறேன்.
வால்வு சீல் பன்னிரண்டு, ஹெட் கேஸ்கெட் ஒன்று என
பதினொரு வருடமாய்ப் பில் போடுகிறேன்.
அவை காடிக்குள் எங்கே உட்கார்ந்து
என்ன செய்கின்றன என்று கேட்டதில்லை,
எங்கள் வீரா நீலமாய்ப் புகைக்கும்வரை.

தொண்ணூற்றாறு மாடல். நாங்கள் மூன்றாம் கை.
வெள்ளை தண்ணீர், கறுப்பு பெட்ரோல்,
நீலமென்றால் எண்ணெய் எரிகிறது.
கடைப் பையனுக்கும் தெரிந்த பாடம்.
ஏன் எப்போதாவது மட்டும் என்பதுதான்
ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆ சூன் பட்டறைக்கு மூன்று முறை ஓட்டிப்போனேன்.
என்னை மிதிக்கச் சொல்லி, விடச் சொல்லி,
மறுபடி மிதிக்கச் சொல்லி
பின்னால் குந்தியபடி
குழாய் வாயில் வெள்ளைத்துணி பிடித்தான்.
"தாடா" என்றான்.
இல்லை என்பதை இரண்டே எழுத்தில் முடிக்கிறவன்.
இரவெல்லாம் கத்திய பிள்ளை
டாக்டரைக் கண்டதும் சிரிக்குமே, அப்படிச்
சமர்த்தாய் நின்றது காடி.

நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சரி. ரிங் தேயவில்லை.
மூன்றாவது பிளக்கில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு.
"எப்போது புகைக்கிறதென்று எழுதி வை."

பழைய பில் புத்தகத்தின் முதுகில் எழுதினேன்.
தேதி, மழை, பெட்ரோல் போட்ட இடம்,
அளவுக் கம்பியில் எண்ணெய் நின்ற கோடு.
இரவு வேலை முடித்துத் தயாளன்
பாயான் லெப்பாஸிலிருந்து வந்து நிறுத்தும்
காலை ஏழு மணி.
முப்பத்தெட்டு நாள்.
மழைக்கும் புகைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
செவ்வாயும் சனியும் மட்டும்.

"ரெண்டு பாவியும் சேர்ந்து பார்க்குது,
எலுமிச்சம்பழம் ஏத்து" என்றாள் பொற்கொடி அக்கா.
ஏற்றினேன். நசுங்கியது. புகைத்தது.

ஆ சூன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான்.
"சரிவில் நிறுத்துகிறீர்களா?"
மூக்கு தாழ்ந்து இரவு முழுக்க நின்றால்
எண்ணெய் ஒருபக்கம் தேங்குமாம்,
இறுகிக் கெட்டுப்போன சீல் வழியே
சொட்டுச் சொட்டாய் இறங்குமாம்,
சாவியைத் திருப்பியதும் எரியுமாம்.
ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.
அப்புறம் எதுவுமே நடக்காததுபோல.

"வீடும் சமதரை, தொழிற்சாலையும் சமதரை"
என்றேன்.
சொல்லி முடிக்குமுன் வாய் உலர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை கேட்டருகே நின்றேன்.
மிச்ச நீலம் செம்பருத்தியைத் தொட்டுக் கலைந்தது.
இறங்கினான் தயாளன். பை, தெர்மாஸ்,
கழுத்தில் தொழிற்சாலை அட்டை.
அவன் குளிக்கப் போனபின்
பானெட்டில் கை வைத்தேன்.
பாயான் லெப்பாஸிலிருந்து ஓடிவந்த எஞ்சின்
கையைச் சுட்டிருக்கும்.
இது உறை ஊற்றும் பால் சூடு.
முன்சீட்டு சாய்ந்தபடியே இருந்தது.

பாயா தெருபோங் மேட்டுக்கு இங்கிருந்து ஆறு நிமிடம்.
மேட்டடியில் ஒரு வெற்றுத் திடல்.
திங்களும் வெள்ளியும் அங்கே இரவுச்சந்தை,
காடிக்கு இடமிருக்காது.
மேலே ஏற்றித்தான் நிறுத்தவேண்டும்.

சம்பளம் மட்டும் நாள் தவறாமல் என் கணக்கில் விழுந்தது.
எதிலிருந்து குறைகிறதென்று
அந்தக் கம்பியை இழுத்துப் பார்க்க
இன்னும் எனக்குத் துணிவில்லை.

திங்கள் மாலை ஆறரை.
தெர்மாஸை மூடிச் சாவியை எடுத்தான்.
"இன்னைக்குச் சந்தை" என்றேன்.
சாவி கையிலேயே நின்றது.
குக்கர் ஒரு விசில் விட்டது, இன்னொன்றும் விட்டது.
"இங்கேயே நிக்கட்டும். சமதரை."

இரவு அவன் பேசியதை
அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை.
செவ்வாய் காலை நான்தான் சாவியைத் திருப்பினேன்.
அவன் பின்னால் குந்தி
என் பழைய கைக்குட்டையைப் பிடித்தான்.
தேதி போட்டேன், மழை என்று எழுதினேன்,
அதற்குப் பக்கத்தில்
தாடா.