எஸ்.ஐ.என். நான்கு: இன்னும் இடமிருக்கிறது

ஐந்தாம் தளத்தில், படிக்கட்டுக்கும் நகைக்கடைக்கும் நடுவே
என் மேசை.
நாளை காலை எட்டுக்கு சிங்கப்பூர்.
மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் கப்பலில்.
நடுவிலுள்ள நேரத்தைத்
துண்டு போட்டு விற்கிறேன்.

ஒரு செருப்புப் படம் போட்டிருந்தால் நடை குறைவு.
மூன்று செருப்பு என்றால் முட்டி சம்மதிக்க வேண்டும்.
எஸ்.ஐ.என். ஒன்று: குளிர்கூடம், ஆர்க்கிட்.
இரண்டு: மாடி திறந்த பேருந்து, சிங்கத்தலை மீனோடு படம்.
மூன்று: போர்க்காலப் பதுங்கறை.
நான்கு: பழைய நகரம், நடந்தே.
அதில் மட்டும் எப்போதும் இடமிருக்கும்.

"எது நல்லது?" என்கிறார்கள்.
பிரிஸ்பேன் தம்பதி
இரண்டு கண்ணாடி போட்டு ஒரே தாளைப் படிக்கிறார்கள்.
அவருக்குப் பதுங்கறை. அவளுக்கு ஆர்க்கிட்.
தனித்தனியாகப் போகலாம் என்று நான் சொன்னபோது
விவாகரத்துப் பத்திரம் நீட்டியதுபோல் பார்த்தார்கள்.

கோயம்புத்தூர் குமுதவல்லி அம்மாள்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தேக்காவுக்குத் தொண்ணூறு டாலரா?
மல்லிப்பூவும் மசால் தோசையும் பார்க்கவா?"
சிரித்தேன். சிரிப்பு சம்பளத்தில் சேர்த்தி.
"சைவச் சாப்பாடு எதுல இருக்கு?"
நான்கில், என்றேன்.
"நீ எந்த ஊரு கண்ணு?"
நாகூர்.
"ஓ, வேளாங்கண்ணிப் பக்கம்."

நீ பார்த்திருக்கிறாயா என்று
யாரும் கேட்டதில்லை.
பதினோரு முறை இந்தத் துறைக்கு வந்திருக்கிறேன்.
பதினோரு முறையும் முனையத்தின் கண்ணாடிச் சுவரோரம்
ஓசி வைஃபையில் மகன் முகம்.
சிங்கப்பூர் எனக்கு மூன்று கோடு சிக்னல்.

விடிந்ததும் ரொட்ரிகோவுக்குக் காய்ச்சல்.
"சபூரா, நீ துணைக்குப் போ."
மேலாளர் எண் பலகையைக் கையில் திணித்தார்.
பதினான்கு.
முப்பத்திரண்டு தலை, தொலைக்கக் கூடாது.

பேருந்து கிளம்பியது. உள்ளூர் வழிகாட்டி பெக் ஹூன்
ஒலிவாங்கியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:
இப்போது நாம் கடல்மேல் போய்க்கொண்டிருக்கிறோம்.
எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.
தார். ஒரு சாக்கடை மூடி. ஆரஞ்சுக் கூம்புகள்.
முனையமே மண் கொட்டிய கடல்தான், என்றாள்.
அந்தக் கோபுரங்கள், வங்கிகள், இந்த மேம்பாலம், எல்லாம்.
வெகுநேரம் கழித்துத்தான்
தெலோக் ஆயர் தெருவில் நிறுத்தினாள்:
இதோ, பழைய கரை.

அலை வந்து திரும்பிய இடத்தில்
மஞ்சள் கோடு, இரட்டையாக: வண்டி நிறுத்தாதே.
பிளாஸ்டிக் பையில் காப்பி தொங்க
அலுவலகக்காரர்கள் கடந்து போனார்கள்.
சீனர் கோயிலில் ஊதுவத்தி. எண்ணினேன்: முப்பத்திரண்டு.
வாசலில் எண்ணினேன்: முப்பத்தொன்று.

ஓடினேன், பலகையைத் தூக்கிப் பிடித்தபடி.
நாலு கட்டடம் தள்ளி
குமுதவல்லி அம்மாள் கழுத்தை அண்ணாந்து நின்றார்.
"இங்க பாரு கண்ணு, உங்க ஊர் பேரு."

நாகூர் தர்கா.
வெள்ளையாய், சின்னதாய், மூலைக்கு மூலை மினாரா.
எங்கள் ஊரை யாரோ நினைவிலிருந்து வரைந்தவர்
உயரத்தை மட்டும் மறந்துவிட்டதுபோல்.
கப்பல் விட்டு இறங்கி,
மணல் காலில் ஒட்டியிருக்கும்போதே
எழுப்பியிருப்பார்கள்.
அவர்களுக்கு எந்த மேசையிலும் தாள் நீட்டவில்லை.
ஐந்தரைக்குள் திரும்பச் சொல்லவும் ஆளில்லை.

வாசற்படியைத் தொட்டேனா
தொடவில்லையா, நினைவில்லை. சிக்னல் பச்சையாகிவிட்டது.
பேருந்தில் எண்ணினேன்: முப்பத்திமூன்று.
மறுபடியும் முப்பத்திமூன்று.
பெக் ஹூன் என் தோளைத் தட்டினாள்:
உன்னையும் எண்ணுகிறாய்.

சாப்பாட்டில் முட்டை இருந்ததாம். புகார்ப் படிவம் கொடுத்தேன்.
பிரிஸ்பேன் கணவர் குளிர்கூடத்தில் தும்மித் திரும்பியிருந்தார்.
பாதுகாப்பு வரிசை நகர்வதற்குள்
கண்ணாடிச் சுவரோரம் மூன்று கோடு கிடைத்தது.

"உம்மா, சிங்கப்பூர்ல என்ன பார்த்தே?"
நாகூர் தர்கா, என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
பிறகு கேமராவைத் திருப்பி
ஜன்னலுக்கு வெளியே காட்டினான்:
"அது இங்கதானே இருக்கு?"