மூன்று கிரெடிட், பதினொரு நாள்

மினசோட்டாவிலிருந்து பதினான்கு பேர்,
கூடவே ஒரு பேராசிரியர்.
பாடம்: சர்வதேச வணிகம்.
என் பெயர் மாக்வாலா. அச்சடித்த அட்டவணையில்
‘உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்’ என்று இருந்தேன்,
பேருந்துக்கும் மதிய உணவுக்கும் நடுவில்.

முதல் நாள் போத்தி துறைமுகம்.
கருங்கடல் கறுப்பாகவே இல்லையே என்றான் ஒருவன்.
அதற்கு நான் பொறுப்பில்லை என்றேன்.
சிரித்தார்கள். மறுநாளிலிருந்து
எனக்கும் சேர்த்து காபி வாங்கினார்கள்.

நான்காம் நாள் சுக்திதியில் ஆலை.
முதலாளி கோட்டு மாட்டி வந்திருந்தார், ஆகஸ்டில்.
ஹேசல் கொட்டை ஓடுடைந்து, சலிக்கப்பட்டு,
பதினொரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம்
பதின்மூன்று அந்தப் பக்கம் என்று
உயரவாரியாக வரிசை கட்டி நின்றது.
இத்தாலிக்குப் போகும், ஜெர்மனிக்குப் போகும்,
ஒரு சாக்லேட்டுக்குள் போய் ஒளியும்.
இயந்திர இரைச்சலில் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட்
‘மதிப்புக் கூட்டல்!’ என்று கத்தினார்.
நானும் கத்தினேன்,
யாருக்கென்று தெரியாமல்.

ஏழாம் நாள் ஸவூரின் தோட்டம்.
மரத்துக்கு மரம் பூச்சிப்பொறி தொங்கியது.
பழுப்புப் பூச்சி, நசுக்கினால் நாறும்.
கொட்டைக்கு வெளியே நின்றே உள்ளே குடித்துவிடும்.
‘இடர் மேலாண்மை’ என்று எழுதிக்கொண்டார்கள்.

தெசிரே கேட்டாள்:
எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைத்தால்
விலையை நீங்களே சொல்லலாமே?
நல்ல கேள்வி. சிந்தாமல் எடுத்துக் கொடுத்தேன்.
ஆனால் ‘கூட்டு’ என்ற சொல்லுக்கு இங்கே
பழைய வாடை ஒன்று உண்டு,
அது பாத்திரத்தை விட்டுப் போகவில்லை.
ஸவூர் மனைவியிடம் திரும்பி
மெக்ரேலியனில், அடுப்படி மொழியில், சொன்னார்:
‘இந்தப் பொண்ணு காலையில சாப்பிடல போல.’
அவர் யோசிக்கிறார் என்றேன் நான்.

த்சியாலா மேசையை நிரப்பினாள்.
எலார்ஜி. சோளமாவும் பாலாடைக்கட்டியும்
இழுக்க இழுக்க நூலாய் நீண்டன.
யாருடையது நீளம் என்று போட்டி நடந்தது.
கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டான் ப்ரெண்டன்.
ஆறு லரி, ஈரமில்லாமல் இருந்தால்.
கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டான்.
போட்டவன்
திரையை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

பேருந்து நகர்ந்து நூறு அடி இருக்கும்,
த்சியாலா ஓடி வருகிறாள், செருப்பு ஒரு காலில்.
கையில் ஐம்பது லரி நோட்டு,
தட்டுக்கு அடியில் இருந்ததாம்.
‘பொண்ணு மறந்துட்டுப் போயிருக்கா.’
‘மறக்கல, அவங்களுக்குத்தான்னு சொல்லுங்க’ என்றாள் தெசிரே.

இரண்டு வாக்கியம். நடுவில் நான்.
ஒன்றை அப்படியே சொன்னால் ஒருத்தி கூசுவாள்,
மற்றதைச் சொன்னால் இன்னொருத்தி.
தெசிரேயிடம்: பத்திரமாகப் போகச் சொல்கிறாள்.
த்சியாலாவிடம்: ரொம்ப நன்றி என்கிறாள்.
நோட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது.
பதினொரு நாளில் நான் செய்த ஒரே மோசடி அது.
கமிஷன் எதுவும் எடுக்கவில்லை.

பணத்தோடு ஒரு மூட்டையும் ஏற்றியிருந்தாள்,
போன வருஷத்துக் கொட்டை, பதினாலு பேருக்கும்.
சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்றார் பேராசிரியர்,
வருத்தமாகத்தான் சொன்னார்.
கடைசி நாள் விமான நிலையத்தில்
ஒவ்வொருவராய்க் கட்டிப்பிடித்தார்கள்.
‘த்சியாலாவை எப்படி எழுதுவது?’ என்று கேட்டு
தெசிரே என் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
பேனாவைத் திருப்பித் தரவில்லை.

மூட்டை என் இருக்கையில் கிடந்தது.
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
இரவு செய்தி பார்த்தபடி உடைக்கிறேன்.
ஐந்துக்கு ஒன்று உள்ளே சுருங்கியிருக்கிறது.
கசப்பதைத் துப்பிவிட்டு
அடுத்ததை எடுக்கிறேன்.