தோஹா நேரம்

களியக்காவிளையில் எங்கள் கிளைக்கு
ஒரே வாசல்தான். ஆனாலும்
பாதிப் பேர் மலையாளத்தில் கடன் கேட்பார்கள்,
பாதிப் பேர் தமிழில் வட்டியைத் திட்டுவார்கள்.
மீன்லாரி ஒழுக்கிய தண்ணீர்
படிவரை வந்து காயும்.
என் மேசையில் உரைகல், அமிலம், லென்சு.
நெஞ்சில் குத்திய அட்டையில்
புஷ்பலீலா, மதிப்பீட்டாளர்.

பாறசாலை சுகதன் கைக்குட்டையை விரித்தபோது
நகை என்றுதான் தராசைத் துடைத்தேன்.
உள்ளே கைக்கடிகாரம்.
பன்னிரண்டின் இடத்தில் கிரீடம்.

"ரோலக்ஸாக்கும். அறபி தந்தது.
பதினாலு மாசச் சம்பளத்துக்குப் பதிலா."

கம்பெனி தங்கம் மட்டுமே எடுக்கும்.
அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம்.
ஆனால் அது ஆளில்லாத நேரம்.
ஆளில்லாத நேரங்களில் நான் போனில்
இந்தக் கடிகாரங்களைப் பற்றித்தான் படிக்கிறேன்.
பதினேழாயிரம் சம்பளக்காரிக்கு
எதற்கென்று கேட்டால் பதில் இல்லை.

சொன்னேன்:
அந்தப் பெயருக்கு அர்த்தமே கிடையாது.
எந்த நாட்டு நாக்கிலும் ஒட்டணும்,
முகப்பில் சின்னதாய் அடங்கணும்,
அவ்வளவுதான் கணக்கு.
எல்லோரும் சுவிஸ் என்கிறோம், கம்பெனி பிறந்தது லண்டனில்.
போர்க்காலத்தில் ஜெர்மன் முகாமில் அடைபட்ட
வெள்ளைக்கார அதிகாரிகள்
கடுதாசி போட்டு அதை வரவழைத்தார்கள்.
காசு, போர் முடிந்து தந்தால் போதும்.

"பணயம் இல்லாமலா?"
இல்லாமல்.
"ஜாமீன்?"
அதுவும் இல்லை.
சுவரில் தொங்கிய வட்டி அட்டவணையை
ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு அந்த நீச்சல்காரி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, அக்டோபர்,
எலும்பைத் துளைக்கும் இங்கிலீஷ் கால்வாய்.
நீர் புகாத மாடல், பெயரே சிப்பி
(நாம் தேங்காய் அரைத்து வைப்போமே, அதன் இனம்).
கழுத்தில் அது தொங்கப் பத்து மணி நேரம் நீந்தினாள்.
விறைத்துப்போனவளைத் தூக்கிப் படகில் போட்டார்கள்.
கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
அடுத்த மாதம் செய்தித்தாளின்
முதல் பக்கத்தில் விளம்பரம்.

"பெண்ணு கரை சேர்ந்தாளா?"

அந்தத் தடவை இல்லை.
அதற்கு முன்பு ஒருமுறை சேர்ந்திருந்தாள்.
நம்ப ஆளில்லாமல்தான்
மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

இதையெல்லாம் சொல்லும்போதே
லென்சு என் கண்ணில்தான் இருந்தது.
அசலில் நொடிமுள் வழுக்கும்,
நொடிக்கு எட்டு அடி வைப்பதால்
நடப்பதே தெரியாது.
இது ஒரு எட்டு வைத்து நின்றது,
இன்னொரு எட்டு வைத்து நின்றது,
முற்றத்தில் கோழி போல.

"ராத்திரி ராத்திரி குலுக்கி வைப்பேன்" என்றார்.
"கையனக்கத்தில உயிர் வாழ்றதல்லா.
நின்னுபோனா சங்கடம்."

வந்து ஆறு மாதம். ஆறு மாதமாகக் குலுக்குகிறார்.
உள்ளே முப்பது ரூபாய் பேட்டரி.

சொல்லிவிட்டேன்.
இப்படிச் சொல்வதற்குத் திருச்சூரில்
மூன்று நாள் பயிற்சி தந்தார்கள்:
பொருளைப் பார், முகத்தைப் பார்க்காதே.
பார்த்தேன்.
அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.
எடுத்துக் காதில் வைத்தார்.

"ஓடுதல்லா" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன்.
எங்கள் சுவரில் இரண்டரை,
அவர் கையில் பன்னிரண்டு.
திருப்பி வைத்துத் தரட்டுமா என்று
கை நீட்டினேன்.
கடிகாரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்,
பிள்ளையை நாயிடமிருந்து இழுப்பதுபோல.

"வேண்டாம் மேடம்.
அங்கத்த கணக்கு இன்னும் தீரல்ல."

மறு பையிலிருந்து ஒரு மோதிரம் எடுத்தார்,
பெண்கள் மோதிரம், உள்பக்கம் சோப்பு படிந்தது.
உரைத்தேன். இரண்டு கிராம், முந்நூறு மில்லி.
அசல்.

எங்கள் ரசீதில் நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
இரண்டு முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
வெளியே பாறசாலை பஸ் ஹாரன் அடித்தது.
அவர் அவசரப்படவில்லை.
என் கட்டத்தையும் தன் மணிக்கட்டையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டு
பேனாவைக் கேட்டார்.