பொருளாளர்

எம்பாலே நகரம், வியாழக்கிழமை.
ஆறு மணி என்று சொல்லி
ஏழரைக்குத் தொடங்கும் கூட்டம்.
பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால்
இருபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் ஒன்றுக்குக் கால் மூன்று.
கல்யாணம் நம்போசோவுக்கும் வாமிம்பிக்கும்.
கணக்கு நோட்டு எனக்கு.

இது என் ஏழாவது நோட்டு.
முந்தைய ஆறு ஜோடிகளில்
ஐந்து ஜோடி இன்னும் என்னோடு பேசுகிறது.

தலைவர் மாஃபாபி போட்ட பட்ஜெட்
ஒரு கோடியே இருபது லட்சம் ஷில்லிங்.
கையில் இருப்பது பதினொன்று.
அதிலும் ஒரு லட்சம்
'திங்கட்கிழமை நிச்சயம்'.

தருகிறேன் என்றதைப் பென்சிலால் எழுதுவேன்,
தந்ததைப் பேனாவால்.
நோட்டைத் திறந்தால்
பக்கம் பக்கமாய்ச் சாம்பல் மூட்டம்,
அங்கங்கே அடித்து இறக்கிய
நீல ஆணிகள்.

மூன்று கார் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி,
மற்றவர்கள் பள்ளிக்கூட வேனில்.
பேண்டு வாத்தியத்தை அடித்தேன்.
காளை ஒன்றா இரண்டா என்று
நாற்பது நிமிடம் போனது.
மூங்கில் குருத்தைப் புகையில் உலர்த்தி
நிலக்கடலை அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தால்
எவன் கறித்துண்டை எண்ணப்போகிறான்
என்றாள் கைன்சா.
இரண்டாவது காளை பிழைத்தது.

கேக் மட்டும் குறையக் கூடாது என்றார்கள்.
ஐந்தடுக்கு.
முட்டோனி, ரொட்டிக்கடைக்காரி, குரலைத் தாழ்த்தினாள்:
அடியில் உள்ளது நிஜம்.
மேலே நாலும் அட்டைப்பெட்டி. ஐசிங் அசல்.
கத்தி எங்கே இறங்கணும்னு
மாப்பிள்ளை காதில் போட்டுவைத்தால் போதும்.
நான் எழுதிக்கொண்டேன்:
கேக் ஒன்று. உயரம் ஐந்து.

'பொருளாளரம்மா, உங்க கூட்டம் எப்போ?'
கூட்டத்துக்கு ஒருவன் கேட்பான்.
எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.
பதினோரு வருடம். ஒரு கூரை, இரண்டு பிள்ளை.
தேவாலயத்தில் அப்பம் வாங்க வரிசை நகரும்போது
வெரிக்கேவும் நானும்
முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு
பெஞ்சிலேயே இருப்போம்.
நாங்களும் பட்ஜெட் போடாமல் இல்லை.
முதலில் கூரைத் தகரம் வந்தது,
அப்புறம் பள்ளிக் கட்டணம்,
அப்புறம் அவன் தம்பியின் கால்.

கல்யாணத்தன்று மழை.
வனாலே மலையில் இல்லாத அருவிகள் எல்லாம்
வெள்ளைக் கோடு கோடாய் இறங்கின.
வாடகைப் பந்தல் ஒழுகியது,
சரியாக விருந்தாளி மேசை மேல்.
நானூறு பேர் எழுந்து நின்றார்கள்.
வாமிம்பி பதற்றத்தில்
இரண்டாம் அடுக்கில் கத்தியை வைத்தான்.

டொக்.

ஸ்பீக்கர்காரன் கெட்டிக்காரன்,
அந்த நொடியே பாட்டை ஏற்றிவிட்டான்.
நம்போசோ அவன் மணிக்கட்டைப் பிடித்து
மெல்லக் கீழே நகர்த்தினாள்.
நானூறு பேரும் கைதட்டினார்கள்.
அந்த நகர்த்தலுக்கு
நான் எந்தத் தலைப்பிலும் தொகை ஒதுக்கியிருக்கவில்லை.

ஞாயிறு இரவு கணக்கு முடித்தேன்.
குழு கலையும் நாளின் சோடாவுக்கும் போக
மீதி மூவாயிரத்து எழுநூறு.
அட்டை அடுக்கு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பிள்ளைகள் ஐசிங்கை நக்கி நக்கி
அடியிலிருந்து ஒரு சோப்புக் கம்பெனியின் பெயரை
வெளியே கொண்டுவந்தார்கள்.

வெரிக்கே நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்,
வழக்கமாய்ப் புரட்டாதவன்.
ஒரு வரியில் விரல் நின்றது.
வெரிக்கே, இருபதாயிரம்.
பென்சில்.

கணக்கு மூடியாச்சு, விடு என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து
மடிப்பு விடாத இரண்டு நோட்டை எடுத்து
மேசையில் நீவி வைத்தான்.
'பேனாவை எடு.'

பேனா சின்னவன் கையில் இருந்தது,
மூடி இல்லாமல்,
ஐசிங் பிசுக்கோடு.