உரைகல்லில் ஈயம்

பகலில் எனக்கு வேலை
வங்கியின் அடகுப் பிரிவு, மூன்றாம் கவுண்டர்.
தாலிக்கொடியை உரைகல்லில் இழுத்து
ஒரு துளி திராவகம் விட்டு
கோடு கரைகிறதா என்று பார்ப்பேன்.
காலை ஒன்பதுக்குப் பவுன் ஒரு விலை.
பத்தரைக்குத் தலைமையகம் வேறு விலை அனுப்பும்.
இடையில் வந்து போனவர்கள் பாவம்.

இரவில் சிப்பாய்கள்.

முதல் ஆள் கிடைத்தது
உதுமாலெப்பையின் பழைய இரும்புக் கடையில்.
செத்த பற்றரிகளின் தகடுகளோடு
தராசுத் தட்டில் குப்புறக் கிடந்தான்.
சிவப்புக் கோட்டு, கரடித்தோல் தொப்பி,
துவக்கின் நுனி முறிந்திருந்தது.
ஈயம் கிலோ முந்நூறு.
நிறுத்துப் பார்த்தால் பத்து ரூபாய் ஐம்பது சதம்.
"ஐம்பது சதத்தை விடுங்க" என்றார்.
நான் எதையும் சொல்லவில்லை.
அவர் விட்டுத்தந்த சதம்தான்
இன்னும் உறுத்துகிறது.

பிறகு உவர்மலையில்
ராகல் வீட்டார் மெல்பேணிலிருந்து வந்து
வீட்டை விற்றபோது
பிஸ்கட் தகரத்தில் மூன்று பேர்.
ஒருவனின் கோட்டு மட்டும் பளபளத்தது.
"டொரீன் பூசினது, என்ட கியூட்டெக்ஸ்.
ஏழு வயசு. நல்லா அடிச்சனான்"
என்று சிரித்தாள் அந்தக் கிழவி.

கொழும்பிலிருந்து அபேநாயக்க வந்தார்,
வெள்ளைக் கையுறை, வைரம் பார்க்கிற கண்ணாடி.
பழைய வர்ணம் கலையாதவன் பதினைந்தாயிரம்.
துவக்கு முறிந்தவன் நாலாயிரம்.
கியூட்டெக்ஸ்காரனைத் தொடவேயில்லை:
"யாரோ கெடுத்துவிட்டார்கள்."
பெட்டி உண்டா என்று கேட்டார்.
பெட்டி இருந்தால்
பெட்டிக்கே முப்பதாயிரம், வெறும் பெட்டிக்கு.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒரு நகையின் பெட்டியை
நான் யாரிடமும் கேட்டதில்லை.

வாடைக்காற்று தொடங்கினால்
திருக்கடலூர்க் கதிர்காமத்தம்பி வருவார்,
மனைவியின் காப்புச் சோடியோடு.
கடல் திறந்ததும் மீட்பார்.
அந்தக் காப்பின் நெளிவு
என் கைக்கு மனப்பாடம்.

இந்த முறை காப்போடு
ஒரு சாரத் துண்டின் முடிச்சையும் அவிழ்த்தார்.
மேளகாரன்.
குச்சிகள் இரண்டும் கையில்,
மூக்கின் நுனியில் மட்டும் சாம்பல் நிறம்.

அப்பா நேவியின் மெஸ்ஸில் சமையல்.
வெள்ளைக்காரர் கப்பலேறின அன்று
ஒரு துரையின் மகன்
பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனானாம்.
இருபத்துநாலு பேர்.

"மற்றாக்கள் எங்க?"

"வலையில.
செக்பொயின்டால ஈயம் கொண்டுவர விடாத காலம்.
குண்டு இல்லாட்டி வலை மிதக்கும்,
மீன் கீழால போகும்.
சிரட்டை அகப்பையில போட்டு உருக்கினன்.
துவக்கோட நிண்டவங்கள் எல்லாரையும்.
இவன் மேளம் அடிக்கிறவன்.
இவனை எப்படி உருக்கிறது?"

"பெட்டி?"

"அடுப்புப் பத்தவைக்க."

என் வாயில்
முப்பதாயிரம் என்ற சொல் வந்து நின்றது.
விழுங்கினேன்.

"இது என்ன பெறும், தங்கச்சி?"

பின்னால் வரிசை.
யாரோ இருமினார்கள்.
தொகுதிக்கு ஒரேயொரு மேளகாரன்.
முப்பத்தைந்து கிராம்.
இரண்டு கணக்கும் எனக்குத் தெரியும்.
உதுமாலெப்பையின் தராசு ஒரு கணம்
கவுண்டரில் ஆடியது.

தொண்ணூறாயிரம் என்றேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்,
காவலாளி எட்டிப் பார்க்கும்வரை.
"அப்ப நான் ஒரு எஞ்சின் போட்டையல்லோ
உருக்கிப் போட்டிருக்கிறன்!"
கண்ணைத் துடைத்தார்.
"வலை பாறையில சிக்கி அறுந்த நேரம்
ஆறேழு பேர் கடலோட போயிற்றாங்கள்.
மிச்சப் பேர் இப்பவும் வேலை செய்யிறாங்கள்."

காப்புக்குப் பணம் எண்ணி வாங்கினார்.
மேளகாரனைச் சட்டைப்பையில் போட்டார்,
தலை வெளியே தெரிய.
விற்பாரா என்று நான் கேட்கவில்லை.

அவன் நின்ற இடத்தில்
அடகுச் சீட்டின் குறுக்கே
பென்சில் போல ஒரு சாம்பல் கோடு.
மாற்று எழுதும் கட்டத்தைத் தொட்டுப் போயிருந்தது.
அழிக்காமல் கோப்பில் வைத்தேன்.

வங்கி வாசலில் புள்ளிமான் ஒன்று
யாருடையதோ ரசீதை
மென்றுகொண்டிருந்தது.
கதிர்காமத்தம்பி அதைச் சுற்றிக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தார்.